பத்து மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி: குமரி மாவட்டத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டைத் தொடங்குவோருக்கு

கோட்டாறு சவேரியார் திருவிழாக் கடைகளிலோ மண்டைக்காட்டுக் கொடை நாட்களிலோ பலூன் சுட்டுப் பார்க்காத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் குறைவு. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்களை ஒன்றும் தவறாமல் உடைத்தவன் தனக்குக் குறி பார்க்கும் திறமை பிறவியிலேயே இருப்பதாக நம்புகிறான். பத்தில் இரண்டை மட்டுமே உடைத்தவன் இது தனக்கு ஒத்துவராது என்று விலகிவிடுகிறான். இருவரும் அவசரப்படுகிறார்கள். அந்தக் கடைத் துப்பாக்கியின் குறிகாட்டி பல கைகள் பட்டு வளைந்திருக்கும், சுருள்வில் தளர்ந்திருக்கும், பலூனோ உள்ளங்கையை விடப் பெரியது. போட்டி விளையாட்டில் ஏர் ரைஃபிள் பிரிவின் பத்துப் புள்ளி வளையம் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; பேனா முனையால் தொட்டு வைத்தது போன்ற அந்தப் புள்ளியைப் பத்து மீட்டர் தொலைவில் நின்றுகொண்டு அறுபது முறை தேட வேண்டும். அதற்குத் தேவையானவை பழகிய உடம்பும் பழகிய மூச்சுமே. இவை பயிற்சியால் வருபவை என்பதால்தான், இந்த விளையாட்டில் சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவருகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்லும்.

எந்தப் பிரிவில் தொடங்குவது

ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதல் மூன்று வகைத் துப்பாக்கிகளால் நடக்கிறது. ரைஃபிளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் உண்டு. பிஸ்டலில் 10 மீட்டர், 25 மீட்டர் போட்டிகள் உண்டு. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகள் ஷாட்கன் பிரிவில் வருகின்றன. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது ட்ராப் பிரிவில். 25, 50 மீட்டர் பிரிவுகளுக்கும் ஷாட்கன் பிரிவுகளுக்கும் வெடிமருந்துத் துப்பாக்கி, அதற்கான உரிமம், திறந்தவெளிச் சுடுதளம், பெரும் செலவு ஆகியவை வேண்டும். ஆகவே புதியவர் தொடங்க வேண்டிய இடம் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிதான். இதைத் தாழ்ந்த படி என்று எண்ண வேண்டியதில்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். பாரிசில் மனு பாக்கர் பெற்ற இரண்டு வெண்கலங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை.

ரைஃபிளா பிஸ்டலா என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டாம். இரண்டையும் சில வாரங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். ரைஃபிளில் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். அதைத் தாங்கக் கனத்த துணியாலும் தோலாலும் ஆன ஜாக்கெட்டும் கால்சட்டையும் சிறப்புக் காலணியும் அணிய வேண்டும். நம் ஊர் வெக்கையில் அந்த உடைக்குள் ஒன்றேகால் மணி நேரம் நிற்பது தனிப் பயிற்சி. பிஸ்டலின் எடை 1.5 கிலோவுக்கு மேல் போகாது, சிறப்பு உடையும் தேவையில்லை; ஆனால் ஒரே கையை நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். உடைச் செலவு இல்லாததால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிஸ்டல் எளிதில் கைக்கெட்டும் என்பது என் கருத்து.

ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், எது என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாக எதிர்ச் சுவரிலுள்ள மின் சுவிட்சை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஓராண்டு பழகிய பிறகு கண்டுபிடித்து மாற்றுவது பெரும் துன்பம்.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குழல்முனை ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான 10 மீட்டர் துப்பாக்கிகளின் ஆற்றல் அந்த வரம்பில் பாதிக்கும் குறைவு. இருந்தாலும் வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்து, உங்கள் பெயருக்கு ரசீது பெற்று, அந்த ரசீதைத் துப்பாக்கி இருக்கும் பெட்டியிலேயே எப்போதும் வைத்திருக்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வருகின்றன. 21 வயது நிறையாதவருக்கு அவற்றுக்கான உரிமம் கிடையாது, பயிற்சியின்போது பயன்படுத்துவதற்கு மட்டும் தனி விதிகள் உள்ளன.

உரிமம் வேண்டாம் என்பதால் இதை விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் ஏர்கன் என்றாலே கொக்கு சுடுவது என்ற நினைவு சிலருக்கு இன்னும் வருகிறது. தேரூர்க் குளத்திலும் மணக்குடிக் காயலிலும் வந்து இறங்கும் பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட இடமும்கூட. பறவையை நோக்கிக் குழலைத் திருப்பிய ஒருவரை எந்த நல்ல பயிற்சியாளரும் தம் வரிசையில் நிறுத்த மாட்டார். நம் இலக்கு காகிதம் ஒன்றுதான் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைக் காட்டும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கம். அதன் கீழே மாநில அளவில் தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கமும், அதனோடு இணைந்த கிளப்புகளும் இருக்கின்றன. மாநிலப் போட்டியில் கலந்துகொள்ள இப்படி இணைந்த கிளப் ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். எனவே, பயிற்சி மையம் ஒன்றில் பணம் கட்டும் முன்பு, அது மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா, இல்லையென்றால் எந்தக் கிளப் வழியாக மாணவர்களைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிப்பது நல்ல தொடக்கம். கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படை இன்னொரு வாசல், அங்கே .22 ரைஃபிளில் படுத்த நிலையில் சுட்டுப் பழகும் வாய்ப்பு பயிற்சியின் பகுதியாகவே கிடைக்கிறது.

பெரிய சுடுதளத்தைப் பார்க்க விரும்புவோருக்குத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு அருகிலேயே இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக உருவாக்கப்பட்ட அந்தத் தளத்தை நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பிச் சென்று பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து மாணவர்களுக்கு அது இன்னும் பக்கம். போட்டி நடக்கும் நாளில் பார்வையாளராகச் சென்று, பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கவனித்தாலே, நல்ல வீரர்கள் எத்தனை முறை சுடாமலேயே துப்பாக்கியைக் கீழே இறக்குகிறார்கள் என்பது புரியும்.

பயிற்சி மையத்தை மதிப்பிட எனக்கு ஒரே ஓர் அளவுகோல் உண்டு. முதல் நாள் வந்தவரின் கையில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லாமலே துப்பாக்கியைக் கொடுக்கும் இடத்தில் சேர வேண்டாம். சுடும் கோடு தெளிவாக வரையப்பட்டிருக்கிறதா, கோட்டுக்கு முன்னால் யாரும் நடமாட வழியில்லாமல் இருக்கிறதா, இலக்குக்குப் பின்னால் பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுவரில் நேரடியாகக் காகிதம் ஒட்டிச் சுடும் இடத்தில் ஈயம் திரும்பித் தெறிக்கும்.

பாதுகாப்பு

குழல் எப்போதும் இலக்கின் திசையையே பார்க்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதாக உங்களுக்கு எவ்வளவு உறுதி இருந்தாலும், குண்டு இருப்பதாகக் கருதியே கையாள வேண்டும். குறிகாட்டி இலக்கின் பகுதிக்கு வரும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. சுடாத நேரத்தில் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்புக் கயிறு செருகப்பட்டிருக்க வேண்டும். அதைக் கண்டால்தான் மற்றவர்கள் உங்கள் துப்பாக்கி காலி என்று நம்புவார்கள். நடுவர் ‘ஸ்டாப்’ என்ற நொடியில், விசையில் பாதி அழுத்தம் கொடுத்திருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டிச் செல்வது நடுவர் அனுமதித்த பிறகுதான்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாழைப்பழம்கூட உரிக்காதீர்கள். பெல்லட்டைப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டு சுடும் பழக்கம் சில சிறுவர்களிடம் இருக்கிறது. அதைக் கண்ட இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

நிற்பது

முதல் இரண்டு வாரங்களுக்குப் பெல்லட்டே வேண்டாம். இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு வருத்தம், பணம் கட்டியும் பிள்ளையைச் சுடவிடவில்லை என்று. ஆனால் இந்த இரண்டு வாரங்களில்தான் அடித்தளம் விழுகிறது.

ரைஃபிளில், வலக்கைக்காரர் தம் இடப்பக்கம் இலக்கைப் பார்க்கும்படி நிற்க வேண்டும். பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். இடக்கை முழங்கை இடுப்பெலும்பின் மேலோ அதற்குச் சற்று மேலே விலாவிலோ ஊன்றி நிற்க, முழங்கையிலிருந்து நேராக எழும் முன்கையின் மேல் ரைஃபிள் அமர வேண்டும். இந்த எடையைச் சமன்செய்ய மேல் உடல் சற்றுப் பின்னும் வலமும் சாயும். நம் ஓட்டு வீடுகளின் உத்தரத்தை மரத்தூண் தாங்குவது போல, ரைஃபிளின் எடை எலும்பு வழியாகவே தரைக்கு இறங்க வேண்டும். தசையால் தாங்கினால் இருபதாவது குண்டுக்குள் கை நடுங்கத் தொடங்கும்.

பிஸ்டலில், உடலை இலக்குக்குப் பக்கவாட்டில் திருப்பி, துப்பாக்கிக் கையை நீட்டி, மணிக்கட்டைப் பூட்டியது போல இறுக்கி நிற்க வேண்டும். மறுகை சட்டைப்பையிலோ இடுப்பு வாரிலோ அசையாமல் இருக்கட்டும். தொங்கவிட்டால் அது ஆடும், அதன் ஆட்டம் தோள் வழியாகப் பிஸ்டலுக்கு வந்துசேரும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சோதனை இருக்கிறது. நிலையெடுத்து, இலக்கைக் குறி பார்த்து, கண்களை மூடிக்கொண்டு இரண்டு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி எங்கே நிற்கிறதோ, அதுதான் உங்கள் உடல் தானாக விரும்பும் திசை. அது இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள். கையால் இழுத்துவைத்த குறி, விசை விடும் நொடியில் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். அறுபது குண்டுகளின் நடுவில் நிலை கலைந்து மீண்டும் நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பார்ப்பது

புதியவர் அனைவரும் செய்யும் பிழை, இலக்கைத் தெளிவாகப் பார்க்க முயல்வது. மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே கூர்மையாகக் குவியும். பிஸ்டலில் அந்தக் கூர்மை முன் குறிகாட்டிக்கே உரியது. இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் சற்றுக் கலங்கித் தெரிவதே சரி.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. முன் குறிகாட்டிக்கும் பின் குறிகாட்டிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் ஒழுங்கில் 1 மில்லிமீட்டர் பிசகு வந்தால், அது பத்து மீட்டரில் ஏறத்தாழ 33 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பிஸ்டல் இலக்கில் பத்தாக வேண்டியது ஆறாகிவிடும். ஆனால் குறிகாட்டிகளின் ஒழுங்கு கெடாமல் கை முழுதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால், குண்டும் 5 மில்லிமீட்டர் மட்டுமே விலகும். பிஸ்டலில் அது இன்னமும் பத்துதான். ஆகவே கை ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். உலக வீரர்களின் கையும் ஆடுகிறது. பின் குறிகாட்டியின் பள்ளத்துக்குள் முன் குறிகாட்டி நடுவாகவும், இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியும்படியும், மேல் விளிம்புகள் ஒரே கோட்டிலும் இருக்கின்றனவா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள். அந்த ஒழுங்கைக் கறுப்பு வட்டத்துக்கு நடுவில் வைக்காமல், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் வைத்துச் சுடுவதே வழக்கம். கறுப்பின் மேல் கறுப்பை வைத்தால் எல்லை தெரியாது.

ரைஃபிளில் கண்ணருகே சிறு துளையும், குழல் முனையில் வளையமும் இருக்கும். துளை, வளையம், கறுப்பு வட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக, சுற்றிலும் சம வெள்ளை தெரியும்படி அமைய வேண்டும். ஒவ்வொரு முறையும் கன்னம் கட்டையில் ஒரே இடத்தில் படிந்தால்தான் இது நிகழும்.

விசையும் மூச்சும்

மூச்சை இழுத்து, பாதிக்கு மேல் வெளியே விட்டு, அங்கேயே நிறுத்துங்கள். நிறுத்திய ஐந்தாறு விநாடிகளுக்குள் குறி அமைதியடையும். அதற்குள் விசை விடப்பட வேண்டும். பத்து விநாடி கடந்தும் சுடவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். மூச்சு முட்டத் தொடங்கியதும் முதலில் கெடுவது பார்வையே, அது கெட்டது நமக்குத் தெரிவதும் இல்லை. இறக்குவதற்கு மனம் வருவதில்லை. இவ்வளவு நேரம் தாங்கிவிட்டோமே, சுட்டுவிடுவோம் என்ற ஆசை வரும். இந்த விளையாட்டில் நான் கற்றவற்றில் கடினமானது அந்த ஆசையை அடக்கி இறக்குவதுதான், அதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

விசையை விரலின் முதல் கணுவின் நடுச்சதையால், நேர் பின்னோக்கி, அழுத்தம் சிறிது சிறிதாக ஏறும்படி அழுத்த வேண்டும். குறி சரியாக வந்துவிட்டது என்று கண்டதும் வெடுக்கென்று இழுத்தால், வலக்கைக்காரரின் குண்டு பெரும்பாலும் இடக்கீழே போய் விழும். பிஸ்டலில் விசையின் எடை, அதாவது அதை விடத் தேவையான அழுத்தம், குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த எடையை மணிக்கட்டு அசையாமல் அழுத்துவதற்கே மாதங்கள் பிடிக்கும்.

விசை விட்ட பிறகும் வேலை முடியவில்லை. போட்டிக் காற்றுத் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெல்லட் விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது வெடிமருந்துத் துப்பாக்கிகளை விட மிகக் குறைவு. ஆகையால் குழலுக்குள் பெல்லட் ஓடும் நேரத்தில் நாம் அசைந்தால் அதன் போக்கு மாறிவிடும். சுட்ட பிறகு இரண்டு விநாடிகள் குறி பார்த்தபடியே இருங்கள். குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, அதன் பிறகே இலக்கைப் பாருங்கள். உங்கள் கணிப்பும் இலக்கும் ஒத்துப்போகத் தொடங்கும் நாளிலிருந்து உங்கள் தவறுகளை நீங்களே திருத்திக்கொள்ள முடியும்.

வீட்டில் பழகுவது

நாளும் கிளப்புக்குச் செல்ல இயலாத நம் மாவட்டத்து மாணவருக்கு, பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் விட்டுப் பழகும் ட்ரை ஃபயர் பெரும் துணை. வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று, இலக்கே இல்லாமல், குறிகாட்டிகளின் ஒழுங்கு குலையாமல் நாளுக்கு இருபது நிமிடம் விசையை விடுங்கள். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கெனத் தனி அமைப்பு இருக்கிறது. சுருள்வில்லால் இயங்கும் சாதாரண ஏர்கன்னில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. எதிரே தடுக்கும் பெல்லட் இல்லாததால் உள்ளே பிஸ்டன் முழு வேகத்தில் மோதி, சீலும் வில்லும் கெட்டுப்போகும்.

வீட்டில் குண்டு போட்டே பழக வேண்டுமென்றால், பத்து மீட்டர் நேர் நீளமுள்ள, பக்கவாட்டில் கதவோ வழியோ இல்லாத இடம் வேண்டும். ரப்பர் விளைகளில் ஷீட் காயவைக்கும் கொட்டகை சிலருக்கு இப்படிக் கைகொடுத்திருக்கிறது. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்த இரும்புத் தகடுள்ள பெல்லட் பெட்டியும் அதற்கும் பின்னால் கெட்டிச் சுவரும் இருக்கட்டும். பால் எடுக்கவும் ஷீட் அடிக்கவும் ஆட்கள் வரும் நேரத்தில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வாங்குவது, பேணுவது

ஆறு மாதமாவது கிளப் துப்பாக்கியில் பழகிய பிறகு வாங்குங்கள். அதற்குள் உங்கள் கைக்கு எந்த அளவுப் பிடி பொருந்தும், ரைஃபிள் கட்டையின் நீளம் எவ்வளவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டையர், மொரினி போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இலட்சங்களில் விலை போகின்றன. தொடக்கநிலைக்குப் பிரிசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் போதும். அப்பாவின் நகைக்கடனில் முதல் துப்பாக்கி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடனின் பாரம் விசை விரலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கிளப் துப்பாக்கியில் நல்ல புள்ளிகள் வரும்வரை பெற்றோர் பொறுத்திருப்பதே பிள்ளைக்கு நல்லது.

பழைய துப்பாக்கி வாங்கினால், அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் உருளையின் மேல் பொறித்த தேதியை முதலில் பாருங்கள். உருளைக்குப் பத்து ஆண்டு ஆயுள். அதற்கு மேற்பட்ட உருளையோடு போட்டிக்குப் போனால் கருவிச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொடக்கத்தில் ஒருவரிடம் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, என் முதல் மாநிலப் போட்டியின் காலையில் அதைத் தெரிந்துகொண்டேன். பெல்லட்டில் தட்டையான தலையுள்ளதையே வாங்க வேண்டும்; அது காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளையை விடுவதால் புள்ளி எண்ணுவதில் ஐயம் எழாது.

நம் மாவட்டத்தில் துப்பாக்கிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. குளச்சல், முட்டம், கன்னியாகுமரிக் கரைகளில் குடியிருப்போர் பயிற்சி முடிந்த ஒவ்வொரு நாளும் இரும்புப் பகுதிகளை, எண்ணெய் லேசாகத் தடவிய துணியால் துடைக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் துப்பாக்கியை வைக்கச் சொல்கின்றன. அந்தப் பஞ்சு இடவப்பாதி மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலம் முழுதும் திறக்காமல் வைத்திருந்த என் துப்பாக்கியில் பஞ்சு பட்ட இடமெல்லாம் துரு வரைபடம் போலப் படர்ந்திருந்தது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, வாரம் ஒருமுறை அவற்றை வெயிலில் உலர்த்துங்கள். குழலுக்குள்ளும் காற்றறைக்குள்ளும் சாதாரண எண்ணெய் விடக் கூடாது. அழுத்தத்தில் அது தீப்பிடிக்கும். காற்று நிரப்பும் பம்பில் ஈரம் வடிக்கும் வடிகட்டி கட்டாயம் இருக்கட்டும்.

முதல் போட்டி

பயிற்சியில் நாற்பது குண்டுகளைத் தொடர்ந்து சுடத் தெம்பு வந்ததும் கிளப் அளவிலான போட்டியில் நில்லுங்கள். அங்கிருந்து மாநிலப் போட்டி, தகுதிப் புள்ளி எட்டினால் அகில இந்திய மாவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள் ஏறும். 10 மீட்டர் தகுதிச் சுற்றில் அறுபது குண்டுகள். மின்னணு இலக்கானால் 75 நிமிடம், காகித இலக்கானால் 90 நிமிடம். அதற்கு முன் ஆயத்தத்துக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம் தருவார்கள். ரைஃபிளில் ஒரு குண்டுக்கு 10.9 வரை தசமப் புள்ளி என்பதால் உச்சம் 654, பிஸ்டலில் 600. பாரிஸ் ஒலிம்பிக் இறுதிக்கு மனு பாக்கர் சென்றது 580 புள்ளிகளுடன். முதல் போட்டியில் நீங்கள் 480 எடுத்தாலும் சோர்ந்துவிட வேண்டாம்.

சென்னைக்கோ மதுரைக்கோ பயணம் என்றால் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் பெல்லட்டை வேறு பையிலும் வைத்து, ரசீது, கிளப் அட்டை, போட்டி அழைப்புக் கடிதம் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரவு ரயிலில் தூக்கம் கெடும் என்பதால் முடிந்தால் ஒரு நாள் முன்பாகப் போய்ச் சேருவது நல்லது. போட்டிக் காலையில் காப்பியைத் தவிருங்கள். இதயத் துடிப்பு ஏறினால் முன் குறிகாட்டி துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மாலைக்கு இருக்கட்டும். காலையில் கொஞ்சம் புட்டும் ஓர் ஏத்தன் பழமும் வயிற்றுக்குப் போதும்.

கருவிகளை முந்தைய நாளே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, நிமிடங்கள் வீணாகி, இறுதிச் சுற்று கைநழுவியது. உங்கள் துப்பாக்கி சுடாமல் போனால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள். நீங்களாகத் திரும்பிப் பேச வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் முன்பாக இலக்கின் எண்ணும் உங்கள் இட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பக்கத்தவர் இலக்கில் சுட்டுவிட்டால் உங்களுக்கு அது பூச்சியம்.

காகித இலக்கில் சுட்டிருந்தால் அட்டைகளின் படத்தையாவது எடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் பயிற்சியாளரோடு உட்காருங்கள். மொத்தப் புள்ளியை விடத் துளைகள் சிதறிய வடிவமே அதிகம் பேசும். மேலும் கீழுமாக நீண்டு சிதறியிருந்தால் மூச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை. இடமும் வலமுமாக விரிந்திருந்தால் பாதங்கள் உடலின் இயல்புத் திசையில் ஊன்றவில்லை. நெருக்கமாக ஒரே இடத்தில் கொத்தாக, ஆனால் மையத்தை விட்டு விலகி இருந்தால் உங்கள் சுடுதலில் குறையில்லை. பின் குறிகாட்டியைத் திருகினால் போதும். கொத்து இடப்பக்கம் விழுந்திருந்தால் குறிகாட்டியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கடைசி இரண்டு அட்டைகளில் மட்டும் சிதறல் கூடியிருந்தால் களைப்புதான் காரணம். அடுத்த மாதத்துக்கான பயிற்சி அட்டவணையில் காலை நடையையும் முதுகுக்கான உடற்பயிற்சியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.